குறைந்துகொண்டே வந்த கொழுப்பு

நம்முடைய அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதெல்லாம் கையில் ஓர் எண்ணோடுதான் வருகிறார்கள். பெயர் கேட்பதற்கு முன்னாலேயே போனை நீட்டுவார்கள். "மேடம், எனக்கு பாடி ஃபேட் முப்பத்திரண்டு. இருபத்தஞ்சு ஆக்கித் தரணும்." தையல்காரரிடம் அளவு சொல்வதைப் போல இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. எடை கூடியதா குறைந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். புதிதாக உணவியல் பிரிவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு இந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து நினைக்கிறேன். அதைச் சொன்னால் அமலோற்பவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதனாலேயே தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதலில் மனதுக்குப் பாரமில்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கொழுப்பை அளக்க ஜனங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். கழுத்தையும் இடுப்பையும் நாடாவால் அளந்து கணக்குப் போடுவது ஒன்று. தோலை இடுக்கியால் கிள்ளிப் பிடித்து அதன் தடிப்பைப் பார்ப்பது இன்னொன்று. காலை வைத்து ஏறி நின்றால் எடையோடு கொழுப்பையும் சொல்கிற மெஷின் மூன்றாவது. மூன்றுமே குத்துமதிப்புதான். கோட்டாற்றிலிருந்து ஒரு பையன் வருவான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தான். நாடாவைச் சுற்றும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வான். "மக்கா, மூச்சை விடு, பொண்ணு வீட்டுக்காரங்க யாரும் இங்க இல்ல" என்று நான் சொன்ன பிறகுதான் உண்மையான இடுப்பு வெளியே வரும். இடுக்கி பிடிக்கிற கைக்குக் கை மாறும். மெஷினோ, காலில் பித்தவெடிப்பு இருந்தால் ஒன்று சொல்லும், கால் கழுவி வந்து நின்றால் வேறொன்று சொல்லும்.

எனக்கு வேலை கற்றுத் தந்த தலைமை உணவியலாளர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. "எண்ணை நம்பாதே, போக்கை நம்பு" என்பார் அவர். ஒரே மெஷின், ஒரே நேரம், வெறும் வயிறு. தப்பாகக் காட்டினாலும் தினமும் ஒரே மாதிரித் தப்பாகத்தான் காட்டும். ஆகவே கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அது சரியான கணக்குதான். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆரோக்கியமானவர்தானா என்று பாருங்கள்.

அமலோற்பவம் கடற்கரை ஊரான இனயத்துக்காரர். அறுபது தாண்டிய பெண். கணவர் கடல் தொழில் செய்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் ஆன்றோ வளைகுடாவில் ஏசி மெக்கானிக். வீட்டில் அவரும் மருமகள் ஜெனிலாவும்தான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பக் கடலுக்குப் போயிருந்த நேரம், ஒருநாள் காலையில் ஜெனிலா மாமியாரை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

உட்கார்ந்ததும் போனை நீட்டினாள். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படியொரு பெருமை. "பாருங்க மேடம், ஈஸ்டர் முடிஞ்சு தொடங்குனது. கோடு எப்பிடி இறங்கிக் கெடக்குன்னு பாருங்க. இன்னும் கொஞ்சம் கொறைக்கதுக்கு டயட் சார்ட் வாங்கணும்னு இவிய மொவன் சொன்னாவ." மெஷினை ஆன்றோதான் லீவுக்கு வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். அமலோற்பவம் தினமும் காலைத் திருப்பலிக்குப் போகும் முன் அதில் ஏறி நிற்பார். எண் தானாகவே மகனுடைய போனுக்குப் போய்விடும். அவன் பார்த்துவிட்டுக் கூப்பிடுவான்.

அவன் எதற்காக இவ்வளவு செலவழித்து மெஷின் அனுப்பினான் என்பதை ஜெனிலா பிறகுதான் என்னிடம் சொன்னாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் நம் கடற்கரைக்காரர்கள் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். இது உங்களில் பலருக்கும் தெரியும், உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கும். காய்ச்சல் வந்தால் 'லேசா சளி' என்பார்கள். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த பிறகு சொல்வார்கள். 'அவன் அங்க தனியாக் கெடக்கான், கேட்டா சங்கடப்படுவான்' என்பதுதான் காரணம். ஆன்றோவின் அப்பா இறந்தபோதும் 'அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், வந்துட்டுப் போ' என்றே சொல்லியிருக்கிறார்கள். அவன் திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வந்திருக்கிறான். ஊர் முக்கில் பெரிய பேனரில் அப்பாவின் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவன் நம்புவதில்லை. மனிதர்கள் மறைப்பார்கள், மெஷினுக்கு மறைக்கத் தெரியாது என்று நினைத்து அனுப்பியிருக்கிறான்.

நான் கோட்டைப் பார்த்தேன். கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் எடை குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது. அப்படியானால் மெஷின் கணக்குப்படி தசை வளர்ந்திருக்க வேண்டும். கீழே தசைக்கென்று இருந்த கோடும் அதைத்தான் சொன்னது.

"அம்மா என்ன சாப்பிடுறாங்க?" என்று கேட்டேன்.

"ராத்திரி கஞ்சித்தண்ணி. மத்தியானம் ரெண்டு கரண்டி சோறு. மீனு, தேங்கா எல்லாம் நிறுத்தியாச்சு. சில நாளு அதும் செல்லாது, வயிறு நெறஞ்ச மாதிரி இருக்குன்னு எந்திரிச்சிருவாங்க."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கிற அறுபது வயதுப் பெண்ணுக்குத் தசை எங்கிருந்து வளரும்? நான் போனை மேஜையில் வைத்துவிட்டு அமலோற்பவத்தைப் பார்த்தேன். அவர் நாற்காலியின் நுனியில், சற்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறைக்குள் வந்து நேரமாகியும் மூச்சு அடங்கவில்லை. காலில் ஆண்பிள்ளைகள் போடுகிற பெரிய ரப்பர் செருப்பு.

"உங்க செருப்பு இல்லியாம்மா?"

"அது காலுல கேற மாட்டேங்கு. இது எம் பிள்ளைக்க பழைய செருப்பு."

குனிந்து கணுக்காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "ராத்திரி படுத்து உறங்குறீங்களா?" என்று கேட்டேன். ஜெனிலா 'நல்லா உறங்குவாங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். அமலோற்பவம் மருமகளைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"சொவருல சாஞ்சி இருந்துதான் உறங்கது. படுத்தா வெள்ளத்துல முங்குன மாதிரி இருக்கு, பிள்ள."

நம் ஊர்ப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஓர் உவமைக்குச் சொன்னதுதான், ஆனால் அதுதான் நோய்க்குறி. இருதயம் தளர்ந்து, உடம்பில் நீர் தேங்கிக்கொண்டிருந்தது. அந்த மெஷின் பாதத்தின் வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பித்தான் அளக்கிறது. நீர் உள்ள சதையில் மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் தட்டுப்படும். கால் முழுக்க நீர் கோத்திருந்தால் மெஷினுக்கு அது கொழுப்பில்லாத நல்ல சதையாகத் தெரியும். அந்த அம்மாள் வீங்க வீங்கக் கோடு இறங்கியிருக்கிறது. எண் மட்டுமல்ல, போக்கும் பொய். அது ஒரே திசையில், நாள் தவறாமல் சொல்லப்பட்ட பொய். தூரத்தில் ஒருவன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

நான் சார்ட் எழுதவில்லை. சக்கர நாற்காலி வரவழைத்து இருதயப் பிரிவுக்குக் கூடவே போனேன். பார்த்த டாக்டர் உடனே அட்மிட் செய்தார். ஸ்கேன் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, இருதயம் மிகவும் மோசமாக இருக்கிறது, சிறுநீரகமும் சோர்ந்துவிட்டது, மகனை வரச் சொல்வது நல்லது என்றார். அவர் வேறு ஒரு நோயாளிக்கு அவசரமாக ஓட வேண்டியிருந்தது. மத்தியானம் குடும்பத்தாரிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வார்டு வாசலில் ஜெனிலா நின்றுகொண்டிருந்தாள். அமலோற்பவத்தின் தம்பியும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். விசைப்படகு வைத்திருக்கிறவர், வெள்ளை வேட்டி, உரத்த குரல். நான் பக்கத்தில் போகவும் ஜெனிலாவின் போன் அடித்தது. அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் அமலோற்பவம் மெஷினில் ஏறவில்லை. எண் வரவில்லையே என்று ஆன்றோ கூப்பிடுகிறான்.

"ஒண்ணும் சொல்லாண்டாம் கேட்டியா" என்றார் தம்பி. "வாயுக் கோளாறு, டெஸ்ட் எடுக்கதுக்கு வந்தோம்னு சொல்லு. அவன் அங்க கெடந்து என்ன செய்வான்?"

ஜெனிலா அதையேதான் சொன்னாள். குரல்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. "டயட் மேடம் பக்கத்துல இருக்காங்களா? அவங்கட்ட குடு" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. அவள் போனை என் கையில் தந்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

"மேடம், அம்மைக்கு ஃபேட் நல்லா கொறஞ்சிருக்குல்லா? பின்ன எதுக்கு டெஸ்ட்டு? எனக்கு உள்ளதச் சொல்லுங்க. எங்க வீட்டுல ஒருத்தரும் உள்ளதச் சொல்ல மாட்டாங்க."

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். நாம் மருத்துவர்கள் அல்ல. நோயின் தீவிரத்தைச் சொல்வது நம் வேலையும் அல்ல. 'டாக்டர் மத்தியானம் பேசுவார்' என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்திருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மத்தியானம் அந்தத் தம்பிதான் டாக்டரிடம் பேசுவார், அவர்தான் ஆன்றோவிடம் சொல்லுவார். என்ன சொல்லுவார் என்பதை இப்போதே கேட்டுவிட்டேன். பேனரில் அப்பாவைப் பார்த்த பையன் இரண்டாவது முறையும் பேனரைத்தான் பார்க்கப் போகிறான். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நான் டாக்டர் இல்ல" என்றேன். "டாக்டர் உங்ககிட்டயே நேரா பேசுற மாதிரி நான் ஏற்பாடு பண்றேன். ஆனா என் பிள்ளை உங்க இடத்துல இருந்தா இப்பவே டிக்கெட் எடுக்கச் சொல்லுவேன். அம்மா உயிரோட இருக்காங்க, பேசுறாங்க. நீங்க கிளம்புங்க."

  அவன் "செரி மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அமலோற்பவத்தின் தம்பி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "படிச்சவிய இல்லியா, ஈரமே கெடையாது" என்றார்.  அவர் வழியில் அதுவும் பாசம்தான்.

ஆன்றோ வந்து சேர்வதற்குள் மருந்து வேலை செய்திருந்தது. நீர் இறங்கியது. நமக்கு அது நல்ல செய்தி என்றுதான் படும். ஆனால் நீர் வடிந்த பிறகு படுக்கையில் மிஞ்சியது எவ்வளவு சின்ன உடம்பு! கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு துருத்தி, கை குச்சியாகத் தெரிந்தது. மீன் கூடை சுமந்து வளர்ந்த அந்தத் தசை எப்போதோ கரைந்துபோயிருக்கிறது. அது இருந்த இடத்தில் நீர் நின்று எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. ஆன்றோ பையைத் தோளிலிருந்து இறக்காமலே கட்டிலுக்கு முன்னால் நின்றான். வேறு யாருடைய படுக்கைக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தவனைப் போலப் பக்கத்துக் கட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தினமும் வீடியோவில் பார்த்த அம்மா இல்லை அது. வீடியோவில் அமலோற்பவம் முகத்தை மட்டும்தான் காட்டுவார். முகத்திலும் கொஞ்சம் வீக்கம் இருந்ததால் செழிப்பாகத் தெரிந்திருக்கிறது.

அன்று பிற்பகல் என் அறைக்கு வந்தான். அமலோற்பவத்தின் தம்பியான அவன் மாமாவும் கூடவே வந்தார். அவன் உட்காரவில்லை.

"மேடம், அந்த மெஷின் பொய்யா சொல்லிச்சு?"

மாமா அவனுக்குப் பின்னால் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டினார். பொய் சொல்வதற்கு எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. முப்பது வயதுக்குச் சற்று மேலே இருக்கும், வேலையில் காய்ந்து கறுத்த பையன். ஆனால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்ட ஒருவனிடம் முதல் தடவை உண்மையும் இரண்டாம் தடவை பொய்யும் எப்படிச் சொல்வது? நீரைப் பற்றிச் சொன்னேன். மெஷின் அதை எப்படி எண்ணிக்கொண்டது என்பதைச் சொன்னேன்.

"அப்போ, கொறஞ்சிருக்கும்மா, இன்னும் கொறைன்னு நான் தெனமும் சொன்னேனே. மீனு தின்னப்பிடாதுன்னு நாந்தான் சொன்னேன்" என்றான்.

"இருதயம் கெட்டது உங்களால இல்ல" என்றேன். "அது பல வருஷமா நடந்திருக்கும். ஆனா அந்த எண் இல்லாம இருந்திருந்தா, காலைப் பார்த்து முன்னாடியே கூட்டிட்டு வந்திருப்பாங்க. அதுவும் உண்மை."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாமா அவனைத் தோளோடு அணைத்துக் கூட்டிப் போனார். போகும்போது, "இப்ப என்ன கெடச்சு ஒங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார்.  பாதியோடு நிறுத்தியிருக்கலாமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கும் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள்.

மாலையில் வார்டுக்குப் போனபோது அமலோற்பவம் கையை அசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"எம் பிள்ள அழுதிருக்கான். என்ன சொன்னிய?"

சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "எனக்குத் தெரியும் பிள்ள" என்றார். "காலு வீங்கிச்சு, மூச்சு முட்டிச்சு, எனக்குத் தெரியாதா? காலையில நம்பரு பாத்துட்டுக் கூப்பிடுவான். கொறஞ்சிருக்கும்மான்னு சிரிப்பான். அவுக அப்பா போனதுக்கப்பறம் அவன் அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. அதுக்காவத்தான் ஏறி ஏறி நின்னேன்."

நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். எனக்கும் எடுத்தார்கள்.

அமலோற்பவம் பிழைக்கவில்லை. சிறுநீரகம் முற்றிலும் நின்றுபோனது. மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை, அவர் கேட்கிறதைக் கொடுங்கள் என்று டாக்டர் வராந்தாவில் வைத்து எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இறப்பதற்கு முந்தின நாள் ஆன்றோ அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறான். மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும் கேட்டிருக்கிறார். மத்தியானம் ஜெனிலா வீட்டிலிருந்து சமைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் சொன்ன பத்தியம் அவள் மனதில் இருந்தது, அதனால் உப்பே சேர்க்கவில்லை. அதை என்னிடம் காட்டிக் கேட்ட பிறகே திறக்க வேண்டும் என்று பாத்திரத்தை மூடியபடி வைத்திருந்தாள்.

ஆன்றோ அம்மாவின் தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தான். கிழங்கை மசித்து, கறியில் தோய்த்து, முள் பார்த்து, ஒரு சின்ன உருண்டையாக வாயில் வைத்தான். அவர் மெதுவாக மென்றார். விழுங்கிவிட்டு மகனைப் பார்த்தார்.

"உப்பில்லியே மக்கா."

ஆன்றோ என் பக்கம் திரும்பினான். மாமா பார்த்தார், ஜெனிலா பார்த்தாள். என் பணிக்காலம் முழுவதும் இருதய நோயாளிகளிடம் நான் சொன்ன ஒரே மந்திரம் உப்பு வேண்டாம் என்பதுதான். "மேடம், கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டான். அவ்வளவு பெரிய ஆள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வெளியே போக அனுமதி கேட்பதைப் போலக் கேட்டான்.

"போடு மக்கா" என்றேன். "அம்மாவுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போடு."

ஜெனிலா கீழே கேன்டீனுக்கு ஓடி ஒரு காகிதத்தில் உப்பு மடித்துக்கொண்டு வந்தாள். அவன் இரண்டு விரலால் எடுத்துக் கறியில் தூவினான், பாதி போர்வையில் விழுந்தது. பிசைந்து இன்னொரு உருண்டை கொடுத்தான். அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"இப்ப செரியா இருக்கு" என்று சொல்லி, மகனுக்கு முன்னால் மறுபடியும் வாயைத் திறந்தார்.